கொட்ட வேண்டிய மூன்று மில்லி

செவிலி சிர்கா இரத்தப் பரிசோதனைச் சீட்டை விரித்துப் பார்த்தாள். பெகிமாயின் வெள்ளணு எண்ணிக்கை எழுநூற்று இருபது. ஆயிரமாவது இருந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். நான்கு மாத ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகு மூன்றே மூன்று நாள். சொந்த ஊரான நாரினிலிருந்து அவளுடைய அப்பா காரோடு வந்து கீழே நிற்கிறார். மதியத்துக்கு மேல் கணவாயில் பனி பொழிந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள்.

தாய் புருல்கான், பையில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது பெகிமாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

சிர்கா சீட்டை மறுபடி படித்தாள். சர்க்கரை நேற்றைவிட ஆறு மடங்கு. மற்ற அணுக்களும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தன. ஒரே நாளில் எந்த உடம்பும் இப்படி மாறாது. இரத்தத்தோடு குளுக்கோஸ் கலந்திருக்கிறது!

தப்பு அவளுடையதுதான். காலையில் பெகிமாயின் மார்பில் பொருத்திய மருந்துக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்தபோது புருல்கான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டாத, தங்கச்சி. அவ உடம்புல இருக்கிறதே கொஞ்சம்." குழாய்க்குள் தங்கிய குளுக்கோஸ் நீரோடு வரும் முதல் மூன்று மில்லியைக் கொட்டியே ஆகவேண்டும். மனசு கேட்காமல் சிர்கா ஒன்றோடு நிறுத்திவிட்டாள்.

மருத்துவர் உமேதோவாவின் அறைக்கு ஓடினாள்.

"டாக்டரம்மா, இந்த ரிசல்ட் தப்பு. நான்தான் சரியா கொட்டாம எடுத்துட்டேன்."

"தப்பு பண்ணிட்டு இவ்ளோ சந்தோஷப்படுற ஆளை இப்பதான் பாக்குறேன். போ, மறுபடி எடு. லேப்ல நான் சொல்றேன்."

புருல்கான் திடுக்கிட்டாள். "மறுபடியுமா?"

"இந்தத் தடவை கையைப் பிடிக்காதீங்கக்கா. அந்தத் தண்ணி கலந்துதான் கணக்கு குறைஞ்சிருக்கு."

புருல்கான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

குளுக்கோஸ் ஏறுவதை நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்தாள் சிர்கா. கைகழுவி, கையுறை மாட்டி, குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்து முடியும்வரை பதினைந்து எண்ணுவது பெகிமாயின் வேலை. பன்னிரண்டுக்குப் பிறகு பதினாலு வந்தது.

"ஏய், பதிமூணு எங்கடி?"

"நாரினுக்குப் போயிடுச்சு."

குழாயின் வாய் காய்ந்ததும் ஊசிக்குழலை மாட்டி மெல்ல இழுத்தாள். ஒரு துளிகூட வரவில்லை. பலமாக இழுக்கக் கூடாது. இழுத்தால் குழாய் இரத்த நாளச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இழுப்பதை நிறுத்தினாள்.

"கையைத் தலைக்கு மேல தூக்கு. இப்ப அந்தப் பக்கம் திரும்பி இருமு."

"ஆடு மாதிரியா, அப்பா மாதிரியா?"

"அப்பா மாதிரி."

கட்டிலே அதிர இருமினாள் பெகிமாய். கருஞ்சிவப்பாய் இரத்தம் ஏறி வந்தது. முதல் மூன்று மில்லியையும் சிர்கா கழிவுப் பெட்டியில் போட்டாள். புருல்கான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். புதிய ஊசிக்குழலில் சோதனைக்கு எடுத்து, உப்புநீரை விட்டு விட்டுச் செலுத்திக் குழாயை அலசி, இடுக்கியைப் பூட்டினாள்.

முடிவுக்காக நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற கார் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

தொலைபேசி ஒரு மணி முழுதாய் அடிப்பதற்குள் சிர்கா எடுத்துவிட்டாள். காதிலிருந்து எடுக்காமலே கத்தினாள்.

"ஆயிரத்து முப்பது!"

வெளியே கிடந்த துணிகளையெல்லாம் புருல்கான் வாரிப் பையில் திணித்தாள். பெகிமாய்க்கு முகக்கவசம் கட்டிவிட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அவளாகவே அதைத் தலைகீழாய் மாட்டிக்கொண்டு படிக்கட்டை எட்டியிருந்தாள்.