ஒன்பதாம் நிமிடத்து இரைச்சல்

மறிச்சுக்கட்டியில் வரலாறு படிப்பிக்கும் முஸ்பிரா, கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து, கணினியில் பதிவுசெய்து அனுப்புவாள். அவற்றைச் சீராக்குகிறவன் மன்னார் நகரத்தில் ஒலிப்பதிவு வேலை செய்யும் சுபாஸ்கரன். ஐந்து மாதமாகச் சத்தத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கிய அந்தக் கிழமைதான் பதிவுக்குள் அந்த இரைச்சல் புகுந்தது.

அவளுடைய குரலுக்கு அடியில் ஏதோ ஒன்று விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. வயரைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். நாத்தனார் றினோஸாவிடம் வேறு மைக் ஒன்று இரவல் வாங்கிவந்து மாட்டினாள். உறுமல் அப்படியே இருந்தது. சில நேரம் தானாகவே அடங்கும்; அப்பாடா என்று வாசிக்கத் தொடங்கினால் பாதி வசனத்தில் திரும்பவும் வந்துவிடும். யாரோ அறைக்குள் வந்து, பின்னால் நின்று மூச்சு விடுகிற மாதிரி அவளுக்கு இருந்தது. இரண்டு தடவை திரும்பியும் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சுபாஸ்கரன் அழைத்தான். அவள் ஹெட்போனை ஒரு காதில் விட்டுவிட்டு, மற்றக் காதில் கைபேசியை வைத்தாள்.

"டீச்சர், நேற்று அனுப்பினதைக் கேட்டனான். முதல் எட்டு நிமிசமும் துப்புரவா இருக்கு. ஒன்பதாவதில திடீரெண்டு தொடங்குது, பதினேழில டக்கெண்டு நிக்குது. முந்தாநாள் பதிவிலயும் அப்பிடித்தான். அந்த நேரத்தில வீட்டில என்ன ஓடுறது?"

முஸ்பிரா யோசித்தாள். "வேற ஒண்டும் இல்ல தம்பி. பின் வளவில தண்ணி மோட்டர் மட்டும்தான். இவர் மிளகாய்க்குத் தண்ணி விடுறவர்."

"மைக் பூட்டியிருக்கிற இரும்புத் தண்டைத் தொட்டா கை கூசுதா?"

"ஓம். லாப்டொப்பிலயும் ஊசி குத்துற மாதிரி ஒண்டு இருக்கு. சூடாகிறதாலயாக்கும் எண்டு விட்டுட்டன்."

அந்த நேரம் பார்த்து, ஹெட்போன் போட்டிருந்த காதில் உறுமல் எழுந்தது. திரையில் பச்சைக் கோடு மேலே ஏறி நடுங்கியது.

"தொடங்கிட்டுது," என்றாள்.

"மோட்டருக்குப் பக்கத்தில ஆர் நிக்கினம்?"

"இவர்தான்."

"டீச்சர், கரண்ட் ஒழுகுது, ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிப்பாட்டுங்கோ! லாப்டொப்பில கை வைக்காதீங்கோ. அவர் எப்பிடிக் கிடந்தாலும் அவரையும் தொடாதீங்கோ. முதல்ல மெயின்!"

மெயின் சுவிட்ச் முன்கதவுக்கு மேலே இருந்தது. கதிரையை இழுத்துப்போட்டு ஏறினாள். அதன் பக்கத்திலேயே, மின்சாரம் ஒழுகினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்ச் இருந்தது. மாரி முடியும்போது அது அடிக்கடி விழுந்து பதிவெல்லாம் பாதியில் அறுந்துபோக, "மச்சான், ஆரையும் கூப்பிட்டு இந்தச் சனியனுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று கணவன் வஸீரை நச்சரித்தவள் அவள்தான். வந்த மின்வேலைக்காரன் அதைத் தாண்டி நேராக ஒரு வயரைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன்பிறகு அது விழவே இல்லை. அவளும் சந்தோஷப்பட்டாள்.

மெயினை இழுத்து விட்டாள். மோட்டர் நின்றது.

"மச்சான்!"

வெறுங்காலோடு பின் வளவுக்கு ஓடினாள்.

வஸீர் கிணற்றுக் கட்டோடு சாய்ந்து ஈர மணலில் இருந்தான். வலது கை மடியில் கிடந்தது. உள்ளங்கையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்தான். பேச வாய் திறந்தான். சத்தம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பைப்பைப் பிடிச்சன் புள்ள... விட ஏலாமப் போச்சு."

"யா அல்லாஹ்," என்று அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

அயலில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் மறித்து வைத்தார்கள். வெள்ளி பின்னேரம் சுபாஸ்கரன், தனக்குத் தெரிந்த மின்வேலைக்காரர் மில்ரனையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

மில்ரன், முஸ்பிராவின் வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொஞ்சம் கிண்டினார். நிலத்தில் இறக்கியிருந்த எர்த் கம்பி, அதன் வயரோடு சேர்கிற இடத்தில் உப்பில் அரித்து அறுந்துபோயிருந்தது. கையில் எடுத்ததும் உதிர்ந்தது.

"மோட்டரில ஒழுகின கரண்ட் நிலத்துக்குப் போக வழியில்லாம வீட்டில இருக்கிற இரும்பெல்லாத்துக்கும் ஏறியிருக்கு. உங்கட லாப்டொப்புக்கும்தான். ட்ரிப் வேலை செய்திருந்தா முதல் நாளே விழுந்திருக்கும்."

முஸ்பிரா தலை குனிந்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அதை நேராக் குடுக்கச் சொன்னது நான்தான்."

மில்ரன் எழும்பி, வேலிக்கு அப்பால் வரிசையாக நின்ற வீடுகளைப் பார்த்தார். போருக்குப் பிறகு சனங்கள் திரும்பக் குடியேறியபோது எல்லாம் ஒன்றாகக் கட்டிக்கொடுத்த வீடுகள்.

"உங்கட வீட்டுக்கு வயரிங் செய்த ஆள்தான் இதுகளுக்கும் செய்தவரோ?"

"ஓம். எல்லாத்துக்கும் ஒரே ஆள்தான். ட்ரிப்பையும் கனபேர் நேராக் குடுத்துத்தான் வச்சிருக்கிறாங்க."

"எர்த் கம்பியும் இதே மாதிரித்தான் இருக்கும்."

பின்னேரத் தண்ணீர் விடுகிற நேரம் அது. ஒரு வளவில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வளவில் இன்னொன்று தொடங்கியது. பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் அயல்காரி கைருன்னிசா பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

முஸ்பிரா வேலியை நோக்கி ஓடினாள்.

"கைருன்னிசா! தொடாதீங்க! நில்லுங்க!"

மோட்டர்ச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை. முஸ்பிரா வேலித் தகரத்தை இரண்டு கையாலும் அறைந்தாள். மூன்றாவது அறைக்குத்தான் கைருன்னிசா திரும்பிப் பார்த்தாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.