அடுப்பு எரியாத தேர்நாள்

ஆஸ்திரேலிய ஆடிக் குளிரில் குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வைரவன் இருபது கிலோ அரிசியைக் களைந்து முடித்து, விறைத்த கையை இடுப்புத் துண்டில் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, கிரைண்டரில் உளுந்தை அள்ளிப் போட்டான். பக்கத்தில் சேஷாத்ரி ரசத்துக்குப் புளி கரைத்தான். இரண்டு பேருக்கும் பேச மூச்சு மிச்சமில்லை.

மெல்போர்னுக்கு மேற்கே, ட்ருகனினா என்ற புறநகரின் வேர்ஹவுஸ்களும் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் அந்தக் கோயில் இருந்தது. அதன் கன்டீன் தோசைக்காக நகரத்தின் மறுகோடியிலிருந்து, ரோவிலிலிருந்துகூடக் கார்கள் வரும். தேவகோட்டைப் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரன் வைரவன். பிரசாதம் செய்ய வந்தவன் சேஷாத்ரி. மூன்றாவதாக ஒருவன் இருந்தான். செலவு மிச்சம் என்று கமிட்டி அவனைத் தை மாதம் ஊருக்கு அனுப்பிவிட்டது. அதன்பிறகு மூன்று பேர் தூக்கிய அண்டாவை இரண்டு பேர் தூக்கினார்கள்.

அந்தப் புதன்கிழமையும் தூக்கினார்கள். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது. சேஷாத்ரியின் கால் வழுக்கியது. கொதித்த ரசம் தொடையிலிருந்து பாதம்வரை இறங்கியது. அவன் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் கலைந்தன.

கோயில் தலைவர் சச்சிதானந்தன் அரை மணி நேரத்தில் வந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, இங்கே வீடு கட்டி விற்றுப் பெரிய ஆளானவர்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க சார்" என்றான் வைரவன்.

"ஆம்புலன்ஸ் வந்தா ரிப்போர்ட் எழுதுவான். ரிப்போர்ட் போனா லேபர் இன்ஸ்பெக்டர் வருவான். தேர் நேரத்துல கோயிலுக்கு அது வேணுமா? எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு."

தெரிந்த டாக்டர் களிம்பு தடவிக் கட்டுப் போட்டுப் போனார். சேஷாத்ரியை ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே கிடந்த மெத்தையில் படுக்க வைத்தார்கள். மூன்று வருஷமாக அவர்கள் இருவரும் தூங்கிய இடமும் அதுதான்.

வெள்ளிக்கிழமை சச்சிதானந்தன் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

"என்ன சார் இது?"

"செப்டம்பர்ல புதுச் சட்டம் வருது. ஸ்பான்சர் பண்ணி ஆள் கூட்டி வந்தா, உள்ளூர்க்காரனுக்குக் குடுக்கற சம்பளமே குடுக்கணுமாம். கோயிலுக்குக் கட்டுப்படி ஆகுமா? விலக்குக் கேட்டு மந்திரிக்கு எழுதறோம். நீங்க வேலைக்காரங்க இல்ல, சாமிக்குச் சேவை செய்யறவங்கன்னு நீங்களே சொல்லணும்."

"சேவைன்னா நீங்களும் வந்து அண்டாவுல ஒரு கை பிடிக்கலாமே சார்."

"வாய் நீளுது வைரவா. இமிக்ரேஷனுக்கு நான் ஒரு போன் போட்டா இருபத்தெட்டே நாள்ல நீ ஊருல இருப்ப. பாஸ்போர்ட் யார் அலமாரில இருக்குன்னு ஞாபகம் வச்சுக்க. சேஷாத்ரிக்குத் திங்கக்கிழமை டிக்கெட் போட்டாச்சு."

உள்ளேயிருந்து சேஷாத்ரி முனகினான். "வெந்த காலோட பிளைட்லயா?"

"உன் கவனக்குறைவு. வீட்டுல வெந்நீரைக் கொட்டிக்கிட்டன்னு ரெண்டாவது பத்தில எழுதியிருக்கு. அதையும் படிச்சுட்டுப் போடு."

அந்த இரண்டாவது பத்தி வைரவனின் நெஞ்சில் அப்படியே இறங்கியது. கையில் கரண்டி இருந்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தலைவரின் வெள்ளை வேட்டியின் மேல் ஒரே ஒரு கரண்டி. அவன் அதை மனதுக்குள் இரண்டு முறை ஊற்றிப் பார்த்தான். பிறகு கரண்டியைக் கீழே வைத்தான். ஒரு கரண்டி போதாது. அவர் ஒருவர் மட்டும் அலறினால் போதாது, ஊர் பார்க்க வேண்டும்.

"தேர் முடியட்டும் சார். படிச்சுப் பாத்துப் போட்டுத் தர்றோம்" என்றான் பணிவாக. அந்தப் பணிவை நாக்கில் வைத்துச் சுவைத்தான்.

சனிக்கிழமை வைரவனின் திட்டத்தைக் கேட்டுச் சேஷாத்ரி அழுதான். "சாமி காரியம்டா. ஜனத்தைப் பட்டினி போட்டா பாவம் நம்ம தலையில விடியும்."

"பாவம் உன் கால்ல விடிஞ்சாச்சு. நாளைக்கு அதை அவன் தலையில ஏத்தறேன்."

ஞாயிற்றுக்கிழமை தேருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். தேர் பாதி சுற்றியபோது சச்சிதானந்தன் சமையற்கட்டுக்கு வந்தார். கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள். குளிர்ந்த அடுப்பு. நடுவே கைகட்டி நின்றான் வைரவன்.

"சாப்பாடு எங்கடா?"

"இன்னிக்குச் சேவை இல்ல சார்."

அவர் முகம் வெளுத்ததை வைரவன் அவசரமில்லாமல் பார்த்தான். மூன்று வருஷத்தில் வயிறு நிறைந்தது அன்றுதான்.

உடனே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: சமையலில் உதவப் பெண்கள் வரவும், அம்மனுக்கு ஆற்றும் தொண்டு. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒன்பது பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் யோகா. கிளிநொச்சிக்காரி. ட்ருகனினாவில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை.

"தம்பி, அரிசி எங்க?"

வைரவன் மறிக்கவில்லை. "ஸ்டோர் ரூம்ல இருக்குக்கா. எடுத்துக்கங்க" என்று கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே போன பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். மஞ்சளாக ஊறிய கட்டோடு சேஷாத்ரி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான். யோகா குனிந்து அவன் நெற்றியைத் தொட்டாள்.

"ஐயோ, கால் அழுகி மணக்குது! எப்ப நடந்தது?"

"புதன்கிழமை அக்கா."

"ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேல்லையோ?"

சேஷாத்ரி வாசலைப் பார்த்தான். வாசலில் சச்சிதானந்தன் நின்றார்.

"அதைக் கமிட்டி பாத்துக்கும் யோகா. ஜனம் பசியோட நிக்குது. வந்த சேவையைப் பாருங்க."

"இவனுக்கு நாளைக்கு, திங்கக்கிழமை, டிக்கெட் போட்டாச்சுக்கா" என்று வைரவன் கடிதத்தை யோகாவிடம் நீட்டினான். அவள் சத்தமாக வாசித்தாள். 'சேஷாத்ரி வீட்டில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டார்' என்ற இடத்தில் நிறுத்தி, மூட்டைகளையும் காஸ் சிலிண்டரையும் சுற்றிப் பார்த்தாள்.

"இதுதான் வீடோ?"

"இது கோயில் விஷயம்" என்றார் அவர்.

"நானும் விசா இல்லாமல் நாலு வருஷம் இருந்தனான். வேலை செய்யக் கூடாதெண்டு இமிக்ரேஷன்காரர் கடுதாசி தந்தவங்கள். அப்ப ஒரு சேர்ச்சில சோறு தந்தவை. நீ என்ன சாமி கும்பிடுறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் ஆளை அவிச்சுப்போட்டு அம்மன்ர பேரில சோறு கேக்கிறியள்!"

அவள் செருகியிருந்த சேலைத் தலைப்பை உருவிவிட்டு ஆம்புலன்சுக்கு போன் செய்தாள்.

வந்த பெண்களில் வைதேகி என்ற அம்மாள் மட்டும், "தேர் நாளும் அதுவுமா என்ன அரசியல்?" என்று கோபித்துக்கொண்டு வெளியேறினாள். போகிற வழியெல்லாம் அவள் புலம்பிய புலம்பலில், வெந்த காலும் கடிதமும் திங்கட்கிழமை டிக்கெட்டும் பத்து நிமிஷத்தில் மண்டபம் முழுவதும் தெரிந்துபோயின.

கூட்டம் சமையற்கட்டு வாசலில் நெருக்கியது. பசித்த பிள்ளைகள் சிணுங்கினார்கள். ஒருவர் வைரவன்மேல் பாய்ந்தார்.

"சாமி பேரைச் சொல்லி வந்தவங்களைப் பட்டினி போடறியே, நீ மனுஷனா?"

"ஆமாங்க, நான்தான் போட்டேன். வேணும்னேதான் இந்த நாளைப் பாத்துப் போட்டேன். உங்களுக்கு ஒரு வேளைதான். அவனைத் திங்கக்கிழமை ஏத்தி அனுப்பிட்டா அவன் வீட்டுல எத்தனை வேளைன்னு தலைவரைக் கேளுங்க."

அந்த மனிதர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் கட்டைப் பிரித்தபோது முன்வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "திருப்பாதீங்க, பாருங்க" என்றான் வைரவன். அவன் குரலில் இரக்கம் கேட்கும் சாயலே இல்லை. யோகா ஸ்ட்ரெச்சரோடு போகுமுன், அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்: எங்கள் கோயிலுக்கு விலக்கு வேண்டாம். இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் சட்டம் வேண்டும். முதல் கையெழுத்தை அவளே போட்டாள். மற்ற ஏழு பெண்களும் போட்டார்கள். காகிதம் மண்டபத்துக்குள் கைமாறிப் போனது. சிலர் வாங்காமல் நகர்ந்தார்கள். பலர் பேனா தேடினார்கள்.

"எல்லாரும் கலைஞ்சு போங்க! இல்லன்னா இப்பவே இமிக்ரேஷனைக் கூப்பிடறேன்" என்று கத்தினார் சச்சிதானந்தன்.

"கூப்பிடுங்க சார். நானும் அவங்ககிட்டப் பேசணும்" என்ற வைரவன், சமையற்கட்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தான். பெண்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவன்மேல் பாய்ந்தவரும் சற்று யோசித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது தேரை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, குளிரில் வெறும் மார்போடு குருக்கள் வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலைவர் பக்கம் போகவில்லை.

"என்ர பாஸ்போர்ட்டும் அந்த அலுமாரிக்குள்ளதான் கிடக்கு. கொஞ்சம் தள்ளியிருங்கோ" என்று சொல்லிவிட்டு வைரவன் அருகில் அமர்ந்தார்.

அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் சச்சிதானந்தன் ரிசீவரை எடுத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.