நாலு பல் தலை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொடர்கதைக்காக ஒரு பிணத்தை ஒளித்துவைக்க இடம் தேடித்தான் அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். பூச்சிப் பிரிவில் ஒரு பெண், ஊசியில் குத்திய சாணி வண்டுக்கு ஒடிந்த காலை ஒட்டிக்கொண்டிருந்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் ‘தங்கச்சி’. வண்டுகளை வகைப்படுத்துகிறவள் அவளுடைய அக்கா. (பிணம் இன்னும் என் கைவசம்தான் இருக்கிறது.)

2.

முதல் வரி: ‘பூதக்கண்ணாடியில் அவள் கண்டது கொலையைவிடக் கொடூரமான…’

வேண்டாம். தங்கச்சி கண்டது பசை. ஒரு வண்டின் கழுத்தில், தன் கையால் வைத்த பசை.

அந்த ஒற்றை வண்டை வைத்து அக்கா பதினெட்டு வருஷ உழைப்பில் ஒரு புதுப் பேரினத்தை, வண்டு வகைகளில் ஒரு புதுக் கிளையையே, நிறுவப்போகிறாள். முன்னங்காலில் பாதம் கிடையாது, சிறகுறையில் வரிக்கோடுகள். இதெல்லாம் பக்கத்துப் பேரினத்துக்கும் உண்டு. வித்தியாசம் தலையில், முகத்தகட்டின் விளிம்பில். அதற்கு ஆறு பல், இதற்கு நாலு.

3.

அருங்காட்சியக விதிப்படி, கழன்ற உறுப்பை அதே ஊசியில் சின்னக் குப்பிக்குள் வைக்கவேண்டும். சந்தேகமிருந்தால் ஒட்டவே கூடாது. என்றோ ஒருநாள் வண்டுத் தட்டு கவிழ்ந்து சில தலைகள் கழன்றன. தங்கச்சி அளவு பார்த்துத் தலைகளை ஒட்டிவிட்டாள். இன்று வேறொரு தட்டில், நாலு பல் இருக்கவேண்டிய சாதாரண வண்டுக்கு ஆறு பல்!

தலை மாறிவிட்டது. அக்காவின் புது வண்டு, பக்கத்துப் பேரினத்தின் உடம்பில் சாதாரண வண்டின் தலை.

4.

[அக்காவைக் கொடுமைக்காரியாக்கிப் பார்த்தேன். பேச ஆரம்பித்ததும் கெட்டது.]

“அக்கா, கட்டுரையை எப்ப அனுப்புற?”

“இன்னிக்கே. உனக்கும் நன்றி போட்டிருக்கேன்டி. ‘உடைந்ததையெல்லாம் ஒட்டித் தந்த தங்கைக்கு’ன்னு.”

“அதை எடுத்துடேன்.”

“ஏன், மகாராணிக்கு ஒரு வரி பத்தலையா?”

5.

முடிவு ஒன்று: தங்கச்சி வாயை மூடிக்கொள்கிறாள். கட்டுரை வெளியாகிறது. என்றைக்காவது எவனோ ஒருவன் அந்தப் பசையைப் பார்க்கிறான், உலகமே அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறது. திருப்பம் பிரமாதம். ஆனால் தங்கச்சி அப்படிப்பட்டவள் இல்லை.

முடிவு இரண்டு: இரண்டு தட்டையும் மேஜைமேல் வைத்து, “நான்தான் ஒட்டினேன்க்கா. மாத்தி ஒட்டிட்டேன்” என்கிறாள்.

இதுதான் நடந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

அடுத்து அவள் பேசுவதை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அறைந்தாள், ஒன்றில் அழுதாள், ஒன்றில் மன்னித்தாள். மூன்றையும் அடித்துவிட்டேன். பதினெட்டு வருஷம் என்னுடையதல்ல. கூடப் பிறந்தவர்களும் எனக்கில்லை.

உங்களுக்கு இருந்தால், அக்கா என்ன சொல்வாள் என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம். அவள் வாயைத் திறந்துவிட்டாள்.