அழித்த பெருக்கல் குறி

டிராயிங் மாஸ்டருக்கு வயிறு வலித்தால் வாயால் சொல்ல மாட்டார், வரைந்து காட்டுவார். கல்யாணமான புதிதில் "இங்க வலிக்குது" என்று அவர் கை காட்டிய இடம் கழுத்தில் தொடங்கி முழங்காலில் முடிந்ததால், வார்டு நர்ஸான அவர் மனைவிதான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். பென்சிலால் ஒரு வயிறு, நடுவில் தொப்புள், வலிக்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி. வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட வேண்டும்.

தீர்ப்பு நின்ற வாக்கில் வரும். நெஞ்சுக்குழியில் குறி என்றால் காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு நாலு டீ குடித்திருக்கிறார். இடது பக்கம் கீழே என்றால் மூன்று நாளாகப் போகவில்லை, சொல்ல வெட்கம். வயிறு முழுக்கக் குறிகள் என்றால் அன்றைக்கு மச்சான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இந்தக் கடைசி நோய்க்கு மட்டும் இன்னும் மருந்து வரவில்லை என்பது அவள் கருத்து. எந்த வலி வந்தாலும் மனுஷர் கட்டிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருள்வார். உயில் எழுதுவது பற்றிப் பேசுவார்.

அன்று காலை அவள் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் தாளை நீட்டினார். "கேஸா இருக்கும். வெந்நீர் குடிங்க, வந்து பாக்குறேன்" என்று செருப்பை மாட்டினாள். தாளைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் திரும்பினால் வீடு அமைதியாக இருந்தது. அதுவே சரியில்லை. உள்ளே அவர் மல்லாந்து, முழங்காலை மடக்கி, அசையாமல் கிடந்தார்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. நீ முதல்ல காப்பி குடி."

அவள் கைப்பையைக்கூட இறக்காமல் கிட்டே போனாள். வார்டில் புதிதாகச் சேரும் நர்ஸுகளிடம் அவள் சொல்வதே இதுதான்: "உருண்டு கத்துறவங்க கொஞ்சம் தாங்குவாங்க. அசையாமப் படுத்துக்கிட்டு நல்லாருக்கேன்னு சொல்றவங்களை ஓடிப்போய்ப் பாருங்க."

கட்டிலில் கிடந்த தாளை எடுத்தாள். குறி வலது பக்கம் கீழே, இடுப்பெலும்பு ஓரம். தொப்புளுக்குப் பக்கத்தில் ரப்பர் தேய்த்த கறை.

"இங்க என்னத்த அழிச்சீங்க?"

"காலையில தொப்புள்கிட்ட போட்டிருந்தேன். மத்தியானம் பாத்தா வலி கீழ இருக்கு. தப்பா வரைஞ்சுட்டேன்னு திருத்தினேன்."

"தப்பு இல்லைங்க. வலி நகர்ந்திருக்கு."

வலது கீழ்ப்பக்கம் மெதுவாக அழுத்தினாள். பல்லைக் கடித்தார். சட்டென்று கையை எடுத்தபோதுதான் "ஐயோ" என்றார். நெற்றி கொதித்தது.

"குடல்வால். எழுந்திருங்க."

"அந்தக் காப்பி..."

"சொட்டுத் தண்ணி கிடையாது."

ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் மூச்சைப் பிடித்தார். "அண்ணா, சீக்கிரம்! அண்ணா, மெதுவா!" என்றாள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர்" என்றார் டிரைவர்.

அவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. ஸ்கேனைப் பார்த்த சர்ஜன், "வெடிச்சிருக்கான்னு திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். காலையிலேயே கூட்டி வந்திருக்கலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்டுத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்ட்ரெச்சரில் இருந்து அவர் கையைப் பிடித்தார். "ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வீட்டுக்குப் போகணும்ல?"

"ஆமா."

"பாத்தியா, இதுலேருந்து தப்பிக்க நான் எந்த எல்லைக்கும் போவேன்."

சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் தடம் மாறியதால், அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையில் போட்டு வந்திருந்த தாளைத் திருப்பினாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை. தன்னுடையதை வரைந்து பார்த்தாள். வயிறு பூசணிக்காய் மாதிரி வந்தது. தொப்புளை வைத்து, நெஞ்சுக்குழியில் அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டாள். குறி கோணலாக விழுந்தது. திருத்த ரப்பரைத் தேடினாள். அது வீட்டில், அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.