மூன்றாம் அடி

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில், ஞாயிறுதோறும் 'மூவடி முற்றம்' கூடும். ஒருவர் ஹைக்கூ வாசிக்க வேண்டும். இன்னொருவர் அதில் எதை வெட்டலாம் என்று சொல்ல வேண்டும். தலைவர் வேணுகோபால் 'ஹைக்கூச் செம்மல்'. பட்டம் கொடுத்த அமைப்புக்கும் அவர்தான் தலைவர். மூன்று வரிக் கவிதைக்கு முப்பது நிமிடம் முன்னுரை சொல்லக்கூடியவர்.

வெட்டுவதில் கெட்டிக்காரர் அரியலூர் சுதர்சன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாலிசிதாரர்களிடம் பல மணி நேரம் பேசுகிறவருக்குக் கவிதையில் ஒரு சொல் கூடினாலும் பொறுக்காது.

அன்று மீன்சுருட்டி மணிமொழி வாசித்தாள். கூட்டத்துக்கு வர ஆரம்பித்துச் சில வாரங்கள்தான்.

*சுண்ணாம்புக்கல் லாரி போன சாலை*
*வெள்ளையாய் ஒற்றைச் செருப்பு*
*சின்னதுரை*

சுதர்சன் யோசிக்கவே இல்லை. "கடைசி வரிய எடுத்துடும்மா. செருப்பு போதும். யாருதுன்னு படிக்கிறவன் தேடிக்கட்டும்."

மாடி முழுக்கச் சிரிப்பு. ஹைக்கூவில் பெயர் வருவது கல்யாணப் பத்திரிகையில் பங்காளி பெயர் வருவது மாதிரி என்று செம்மல் விளக்கினார். மணிமொழி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். "சரிங்க சார்" என்று உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து கீழே டீக்கடையில்தான் பரிமளா சுதர்சனிடம் சொன்னாள். கூட்டத்துக்கு வருகிற அவளும் மீன்சுருட்டிக்காரி. சின்னதுரை மணிமொழியின் தம்பி. போன மாசம் லாரி ஏறிச் செத்துப்போனான். செருப்பை மணிமொழிதான் போய் எடுத்து வந்தாளாம்.

"மொதல்லயே சொல்லிருக்கலாமே?" என்றார் சுதர்சன்.

"நீங்க கேக்கலியே சார்."

சுதர்சன் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் மணிமொழி. பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஏறிப் பக்கத்தில் நின்று, அந்த வரியை மறுபடி எழுதிக்கொள்ளச் சொன்னார். தெரியாமல் பேசிவிட்டதாகச் சொன்னார். வழியில் தயார் பண்ணிய மற்ற வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

"இல்ல சார். நீங்க சொன்னது சரிதான். பேரில்லாம படிச்சுப் பாத்தேன். நல்லாதான் இருக்கு."

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் நிஜமாகவே அவரை நம்பினாள்.

பஸ் கிளம்பிவிட்டது. எங்கே போகணும் என்று கேட்டார் கண்டக்டர். "மீன்சுருட்டி ஒண்ணு" என்றார் சுதர்சன்.

மணிமொழி திரும்பிப் பார்த்தாள். "வூட்டுக்கா வரீங்க? வேணாம் சார். அம்மா யாரு வந்தாலும் அவன் பேரச் சொல்லித்தான் அழுவுது. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"சொல்லட்டும்மா. கேக்கத்தான் வரேன்."

மணிமொழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கிவிடலாமா என்று சுதர்சனுக்குத் தோன்றியது. கம்பியை இறுக்கப் பிடித்துக்கொண்டு நின்றார்.