திறந்துவைக்கப்படாத தண்ணீர்

பெரியோர்களே, தாய்மார்களே, நுரையீரல் உள்ள அனைவருமே! வருகிற வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில், நமது அரசு மருத்துவமனை வளாகத்தில் விஷவாயு கசியும். மாண்புமிகு அமைச்சர் அவர்கள் தலைமை தாங்குவார்கள். ஐம்பது பேர் மூச்சுத் திணறி விழுவார்கள். அனைவரும் குடும்பத்துடன் வந்து கண்டுகளிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

வாடகைக் காரில் ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் இப்படி அலறினார்கள். போபாலில் வாயு கசிந்து ஊரே செத்து விழுந்ததற்கு மறு வருஷக் கோடை அது. ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மதுரைக்கும் மேலூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரின் பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். கசிவதற்கு ஒரு தொழிற்சாலைகூட இல்லையே என்று ஒத்திகைக் குழு வருத்தப்பட்டது. அடுத்த தெரு ஐஸ் கம்பெனி யாருக்கும் நினைவு வரவில்லை. பிள்ளைகளுக்குக் குச்சி ஐஸ் செய்கிற இடத்தில் என்ன விஷம் இருந்துவிடப் போகிறது?

உயிருக்கு ஆபத்தானவர் கையில் சிவப்புத் துணி, அடுத்தவருக்கு மஞ்சள், நடக்கக்கூடியவருக்குப் பச்சை என்பது விதி. குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்சிக்காரர் எழுந்தார். எங்கள் கொடி நிறத்தைச் சாகக் கிடக்கிறவன் கையில் கட்டுவதா என்றார் ஒருவர். எங்கள் நிறத்துக்கு ஏன் இரண்டாம் இடம் என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லோருக்கும் வெள்ளைத் துணி என்று ஏகமனதாக முடிவானது. அதன்பின் யார் பிழைப்பார், யார் சாவார் என்பது தெரியாமல் போனாலும், கூட்டம் அமைதியாக முடிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தகரக் கொட்டகை. வாயு பட்டவர்களைக் கழுவ அதற்குள் வரிசையாகக் குழாய்கள், மேலே தொட்டி. குழாயில் காற்று மட்டுமே வந்த கோடை என்பதால் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். வாசலில் வாழைமரம், குறுக்கே ரிப்பன், காவலுக்கு ஒரு போலீஸ்காரர்.

காலையில் வரவேண்டிய அமைச்சர் உச்சி வெயிலாகியும் வரவில்லை. அப்போதுதான் செல்லக்கிளி, கட்டி ஐஸ் ஏற்றும் தள்ளுவண்டியில் தன் புருஷன் மருதுவைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தாள். மருது ஐஸ் கம்பெனியில் சுமை இறக்குகிறவன். அமோனியா சிலிண்டர் ஒன்று லாரியிலிருந்து உருண்டு, மூடி தெறித்து, வாயு நேராக அவன் முகத்தில் அடித்திருந்தது. கம்பெனி முழுக்கப் புகை. தண்ணீர் இருந்த இடத்துக்குப் போக ஆளில்லாமல் எல்லோரும் ஓடிவிட்டார்கள். சோறு கொண்டுபோனவள்தான் அவனை இழுத்து வெளியே போட்டாள்.

கூட்டம் கைதட்டியது. கம்பவுண்டர் விருமாண்டி மறித்தார்.

"ஏத்தா, துணி எங்க? வெள்ளத்துணி இல்லாம உள்ள விடக்கூடாது. லேட்டா வந்துட்டு சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு முந்துறீகளா?"

"அண்ணே, இது நெசம்ணே! ஐஸ் கம்பெனி வாயு. கண்ணத் தொறக்க முடியலண்ணே!"

"தீய அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு புள்ள. தண்ணி... தண்ணி ஊத்து" என்று மருது முனகினான்.

குனிந்த விருமாண்டியின் கண்ணிலும் நீர் கொட்டியது. நெடி அப்படி. மேடைக்கு ஓடினார். அங்கே தலைமை மருத்துவர் நல்லகாமன் கூட்டத்தைக் கலையவிடாமல் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்: "கண்ணில் வாயு பட்டால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. உடனே தண்ணீரால் விடாமல் கழுவ வேண்டும்."

"சார், நெசக் கேஸ் வந்திருக்கு சார்."

டாக்டர் மைக்கைப் பொத்தினார். "இன்னைக்கா?"

செல்லக்கிளி அவர் காலைப் பிடித்துவிட்டாள். "ஐயா, கொட்டகையில அம்புட்டுத் தண்ணி இருக்கு. கொஞ்சம் தொறந்துவிடச் சொல்லுங்கய்யா."

"அமைச்சர் வந்து திறக்கணும்மா. ஒரு தடவைக்குத்தான் தண்ணி இருக்கு. அவர் திருகும்போது காத்து வந்தா என் வேலை போயிரும். மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பிருவோம். விருமாண்டி, வண்டி எங்க?"

"அமைச்சருக்கு முன்னாடி சைரன் போட்டு வரப் போயிருக்கு சார்."

"நீங்கதானய்யா இப்ப மைக்குல சொன்னீக, உடனே ஊத்தணும்னு!"

"அது பொதுவாச் சொன்னதும்மா."

விருமாண்டி வார்டுக்கு ஓடி ஒரு கூஜாவில் குடிதண்ணீர் கொண்டுவந்தார். இமையைத் திறப்பதற்குள் அது தீர்ந்துபோனது. மருது வண்டியில் தலையை முட்டிக்கொண்டு அலறினான். செல்லக்கிளி தன் எச்சிலைக் கூட்டி அவன் கண்ணில் வைத்தாள். வாய் வறண்டிருந்தது. எச்சிலும் வரவில்லை.

காலையிலிருந்து ஸ்ட்ரெச்சரில் செத்துக் கிடந்த நாடகக்காரன் பேயாண்டி தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"அடேய், நம்ம மருது மாப்ளயில்ல?"

"செத்தவங்கள்லாம் அசையாமப் படுங்க! அமைச்சர் வர்ற நேரம்!" என்று அதட்டினார் ஓர் அதிகாரி.

"நீ வந்து படுய்யா" என்று பேயாண்டி எழுந்துவிட்டான். போலீஸ்காரரைத் தள்ளி, ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தான். அவனும் செல்லக்கிளியும் மருதுவைக் குழாயடியில் கிடத்தினார்கள். டாக்டர் ஒரு கணம் சாலையைப் பார்த்தார். பிறகு மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து, சேற்றில் மண்டியிட்டு, தன் கையாலேயே இமைகளைப் பிரித்துப் பிடித்தார். செல்லக்கிளி குழாயைத் திருகி, தொட்டி வற்றும்வரை கண்ணைக் கழுவினாள். அதற்குள் மருதுவின் கருவிழிகள் பால் ஊற்றினாற்போல வெளுத்திருந்தன.

சாயங்காலம் அமைச்சர் வந்தார். இன்னொரு லாரி தண்ணீர் வந்தது. புது ரிப்பன் வந்தது. அவர் திருகிய குழாயில் தண்ணீர் அருவியாய்க் கொட்டியது. ஒத்திகை மாபெரும் வெற்றி என்றும், இதைப் பார்த்து மற்ற ஊர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், ஆபத்து எந்த ரூபத்தில் வந்தாலும் சந்திக்க நம் ஊர் தயார் என்றும் பேசினார். டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பலத்த கைதட்டல்.

மருதுவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.