தண்ணீர் இறங்காத குழி

எங்கள் கொத்தனார் சென்னிமலைக்கு எல்லாமே சூப்பர். கட்டுகிற வீட்டின் கக்கூஸ் தண்ணீர் மண்ணில் இறங்கப் போகும் இடத்தில் ஒரு முழ ஆழம் குழி தோண்டச் சொல்லி, குடம் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் காணோம். "சூப்பருங்க! மண்ணு எப்படி இழுக்குது பாருங்க" என்று கையைத் தட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கிற செம்மண் முதல் குடத்தைக் குடிக்காமல் என்ன செய்யும்? நான் சிவில் டிப்ளமா படித்தவள், திருச்செங்கோட்டில் ஒரு என்ஜினியரிடம் பிளான் வரைகிறவள். என் காதிலேயே பூச்சுற்றுவதா? சாயங்காலம் வரை குழியை நிரப்பி ஊறவைத்தேன். மறுநாள் காலையில் திரும்ப நிரப்பி, குச்சி நட்டுக் கோடு போட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் தண்ணீர் போட்ட கோட்டிலேயே நிற்கிறது. அடியில் தண்ணீர் இறங்காத சுக்காம்பாறை. இங்கே தொட்டி இறக்கினால் மழைக்காலத்தில் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும்.

நிலத்தின் வடகோடியில் மண் ஆழம். அங்கேயும் குழி போட்டு ஊறவைத்துப் பார்த்தேன். தண்ணீர் நிதானமாக இறங்கியது. ஆனால் அங்கே நிற்பது என் வீட்டுக்காரரின் அண்ணன் பெரியசாமி மாமாவின் ரிக் வண்டி. ஊர் ஊராகப் போர்வெல் போட்டுவிட்டு வந்து எங்கள் பங்கில்தான் நிற்கும். கேட்டால் எடுத்துவிடுவார் என்று நினைத்தது என் மடத்தனம்.

"ரிக் நிக்கற எடத்துல கக்கூஸ் தொட்டியா? நல்லாருக்குது சாமி," என்று சிரித்தார். "உங்க எடத்துலதான் ஃபெயிலான போர் ஒண்ணு சும்மா கெடக்குதில்ல? பைப்பை அதுல உட்டுரு. உன்ற பேரன் காலத்துலயும் ரொம்பாது."

எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். தண்ணீர் வராத போரைக் கடவுளே வெட்டிக் கொடுத்த செப்டிக் டேங்க் என்று நினைப்பார்கள்.

"மாமா, பாறை வெடிப்பு வழியாத்தானுங்க நல்ல தண்ணியும் வருது. கழிவும் அதே வழியில போயிருமுங்க."

"பாறையப் பத்தி எனக்கே சொல்றியா? ஊடு கட்டுன நாள்ல இருந்து நானும் ஃபெயில் போர்லதான் உடறேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

என் வீட்டுக்காரர் சந்திரசேகர் காதோரம் வந்து, "அண்ணன் சொன்னாச் சொன்னதுதான். உட்டுரு," என்றார்.

"உங்கண்ணன் சொன்னா நீங்க கேப்பீங்க. பாறை கேக்குமுங்களா?"

மறுநாளே மாமா பேச்சைக் கேட்டுச் சென்னிமலை போரை நோக்கிப் பள்ளம் வெட்ட ஆரம்பித்தார். நான் பள்ளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். இந்த மண்ணில் ஊறும் தண்ணீரைத்தான் நாளைக்கு நான் குடிக்க வேண்டும்.

"மாமா, உங்க ஊட்டுக் கழிவு போரு வழியா எங்க போவுதுன்னு பாத்துரலாம். கேசரிப் பவுடரைக் கரைச்சு ஊத்தறேன். எங்கயும் வரலீன்னா நீங்க சொன்ன எடத்துலயே பைப்பை உடறேன்."

"ஊத்து, ஊத்து. முந்திரியும் போட்டுக்க!"

அவர் மனைவி நல்லம்மாள் அக்கா சிரிக்கவில்லை. "மழை பேஞ்சா நம்மூட்டுத் தண்ணி ஒரு மாதிரி நாறுது. சொன்னா, மூக்கைப் பொத்திக்கங்கறாரு," என்றபடி, கழிவு போருக்குப் போகும் சேம்பரின் மூடியை அவரே தூக்கினார். கடையில் இருந்த பவுடர் அத்தனையையும் பக்கெட்டுகளில் கரைத்து இரண்டு பேரும் ஊற்றினோம்.

நாள் போனதே தவிர எங்கேயும் நிறம் வரவில்லை. தினமும் மாமா ரிக்கை எட்டிப் பார்க்க வரும்போது, "கேசரி வெந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நானும் விடாமல், "இன்னும் அடுப்புல இருக்குதுங்க" என்றேன்.

ஒரு நாள் காலை அவர் அப்படிக் கேட்டு வாய் மூடவில்லை, அக்கா எவர்சில்வர் சொம்போடு வந்து அவர் முன்னால் நின்றார். அவர்கள் குடிக்கிற போரிலிருந்து சமையல்கட்டுக் குழாயில் வரும் தண்ணீர். வெளிறிய ஆரஞ்சு.

"துருவா இருக்கும்," என்றார் மாமா.

"குடிங்க."

"ஆளுக நிக்கறாங்க, என்ன பேச்சு இது?"

"இத்தன வருசமும் இதுலதானுங்க உங்களுக்குச் சோறாக்கிப் போட்டேன். உங்கம்மா உசுரு போறப்ப நீங்க வாயில ஊத்துனீங்களே, அதும் இதுதான். இன்னைக்கு நெறம் வந்திருக்குது, அவ்வளவுதான். குடிங்க."

சென்னிமலை மண்வெட்டியைக் கீழே வைத்தார். மாமா சொம்பையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, வண்டியை எடு என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை.

அக்கா சொம்பைப் பள்ளத்தில் கவிழ்த்தார்.

"வண்டிய எடுத்தாப் பத்தாதுங்க. நம்மூட்டு ஃபெயில் போரை அடைக்கற வரைக்கும் நான் அடுப்புப் பத்தவெக்க மாட்டேன்."

சொன்னபடியே அன்றைக்கு அந்த வீட்டில் புகை எழவில்லை.